விண்ணப்பிக்க முன்னரே விலகிக்கொள்ளும் பிள்ளைகள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்து சில வாரங்கள் கழிந்த ஒரு மாலைப் பொழுதில், கொக்கிளாயைச் சேர்ந்த தந்தையொருவர் தமது மகளையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். அவர் ஒரு விவசாயி. மகள் கணிதப் பிரிவில் படித்தவள். அவளது கையில் பல்கலைக்கழக அனுமதிக் கையேடும், கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றையொன்றும் இருந்தன. தான் விரும்பும் கற்கைநெறிகளை ஒழுங்குப்படி அந்த ஒற்றையில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். “இதை ஒருக்காச் சரி பாத்துத் தாங்கோ பாதர்” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். முதல் இரண்டு வரிகளும் எழுதி வெட்டப்பட்டிருந்தன. மூன்றாவதாக இருந்தது முதலாவதாக இலக்கமிடப்பட்டிருந்தது. வெட்டப்பட்ட இரண்டும் பொறியியல்.

“ஏன் பிள்ளை இதை வெட்டினீர்? புள்ளி காணாதோ?”

“போன வருசத்து வெட்டுப்புள்ளியோட பாத்தா மட்டுமட்டாக் காணும் பாதர். ஆனா எங்களுக்கு உது சரிவராது. கிடைச்சாலும் கோட்டாவிலதான் கிடைக்கும். அங்க வாற பிள்ளையள் எல்லாம் பெரிய பள்ளிக்கூடங்களில படிச்சு, நல்லா இங்கிலீசு கதைப்பினம். நான் போய் அதுக்குள்ள நிண்டு என்ன செய்யிறது?”

தந்தை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “எங்கட நிலைமைக்கு உது பெரிசு பாதர். ஒரு ரீச்சரா வந்தாக் காணும்.”

புள்ளி போதாது என்று ஒரு பிள்ளை வெட்டினால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்தப் பிள்ளையோ கணக்கைப் பார்த்து, அது சரிவரும் என்று கண்ட பின்னரும் வெட்டியிருக்கிறாள். அவளை எந்தப் பல்கலைக்கழகமும் மறுக்கவில்லை. அவளது விண்ணப்பம் இன்னும் போய்ச் சேரவே இல்லை. இது இவள் ஒருத்தியின் கதையாக இருந்தால் இங்கு எழுதியிருக்க மாட்டேன். கருநாட்டுக்கேணியிலும் கொக்குத்தொடுவாயிலும் அளம்பிலிலும் இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் தொழில் தாழ்ந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். வன்னிக்கு நல்ல கணித ஆசிரியர்கள் மிகவும் தேவை. விரும்பி ஆசிரியராகும் பிள்ளையை நான் தடுக்கமாட்டேன். பயந்து ஆசிரியராகப் போகும் பிள்ளையைப் பற்றித்தான் எனது கவலை.

சரிவராது என்ற சொல்

இந்தச் சொல் பிள்ளைகளிடம் எங்கிருந்து வந்தது என்று பெற்றோராகிய நாம் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

1984 டிசம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்கள் வயலையும் வாடியையும் மாட்டையும் விட்டு வெளியேறினர். முள்ளியவளையிலும் அளம்பிலிலும் செம்மலையிலும் உறவினர் வளவுகளிலும் கொட்டில்களிலும் இருந்தனர். சில மாதங்களில் திரும்பலாம் என்றிருந்தவர்களுக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இடையில் 2004இல் கடல் வந்தது. 2009இல் எல்லாவற்றையும் இழந்து செட்டிகுளம் முகாம்களுக்குப் போனார்கள். 2011ஐ அண்டித்தான் ஊருக்குத் திரும்பும் காலம் வந்தது. திரும்பியவர்களில் எத்தனையோ பேருக்குத் தமது வயற்காணி இன்னும் கைக்கு வரவில்லை என்பது இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

என்னிடம் வந்த பிள்ளை 1984ஐக் காணாதவள். தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது அவளுக்கு மூன்று வயது. தந்தையோ 1990களில் பொருளாதாரத் தடைக்குள் ஜாம்போத்தல் விளக்கில் படித்தவர். பரீட்சைக்கு முன்னரே படிப்பை நிறுத்தித் தோட்ட வேலைக்குப் போனவர். இப்படியான குடும்பமொன்று நாற்பது ஆண்டுகளாகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியிருக்கிறது. உறுதியைக் காட்டு, அட்டையைக் காட்டு, நீ இந்த ஊரவன் என்பதற்குக் கடிதம் கொண்டு வா என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்கிறார்கள். இப்படி ஏறி இறங்கிய மனிதன் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறான். மறுப்பு வருமுன்னரே தான் கேட்பதைக் குறைத்துக்கொள்கிறான். குறைத்துக் கேட்டால் மறுப்பு அவ்வளவாக நோகாது. நிவாரண வரிசையில் இந்தப் பழக்கம் ஒருவேளை உதவியிருக்கலாம். அதே பழக்கம் ஒரு சொல்லும் சொல்லாமலே பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. அவள் அதைத் தனது திறமையைப் பற்றிய உண்மை என்று நம்பிவிடுகிறாள்.

இது எம்மவரிடம் மட்டும் உள்ளதுமல்ல. 1978இல் அமெரிக்காவில் போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் நன்றாகப் படித்து உயர்ந்த நிலைக்கு வந்த பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பட்டமும் பதவியும் பெற்ற பின்னரும் அப்பெண்கள் பலர், ‘ஏதோ தவறுதலாக என்னைத் தெரிந்துவிட்டார்கள், ஒருநாள் என் வெறுமை வெளிப்பட்டுவிடும்’ என்று உள்ளுக்குள் அஞ்சிக்கொண்டிருந்தார்கள். வசதியுள்ள நாட்டில், வெற்றி கண்டவருக்கே அந்த நிலை. எமது பிள்ளைக்கு அந்த எண்ணம் வருவதில் வியப்பில்லை. வித்தியாசம் ஒன்றுதான்: அவர்கள் உள்ளே போன பின்னர் பயந்தார்கள், எமது பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்றே பயந்து திரும்பிவிடுகிறார்கள்.

கோட்டா என்ற கூச்சம்

‘கோட்டாவில் கிடைத்தது’ என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு கூச்சம் தெரிந்தது. ஏதோ பிச்சையாகக் கிடைத்ததை வாங்குவது போன்ற கூச்சம். ஆகவே இந்த ஒதுக்கீடு எப்படி வந்தது, எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1970களின் தொடக்கத்தில் நடந்த தரப்படுத்தலை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1971இல் பேராதனையில் பொறியியல் படிப்பதற்கு 400 புள்ளிகளுக்குத் தமிழ்மொழி மூல மாணவன் 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவனுக்கு 227 போதும். இது பெரும் அநீதி. எமது இளைஞர்களின் மனக்கொதிப்புக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. 1974இல் மாவட்ட அடிப்படை வந்தபோது கூடுதலாக அடிபட்டவை நல்ல பாடசாலைகள் நிறைந்த யாழ்ப்பாணமும் கொழும்பும். இதுவரை எல்லோரும் சொல்லும் கதை.

அதிகம் சொல்லப்படாத பக்கம் ஒன்றும் உண்டு. மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் ஏழை விவசாயிகளின், மீனவர்களின் பிள்ளைகளுக்கு மருத்துவ பீடத்தினதும் பொறியியல் பீடத்தினதும் கதவு சற்றேனும் திறந்தது இந்த மாவட்ட முறையினாலேயே. ஒரே ஏற்பாடு ஓரிடத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு அநீதியாகவும் இன்னோரிடத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு வழியாகவும் இருந்தது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எனினும் இரண்டும் உண்மை. வன்னியில் வேலை செய்யும் எவரும் இரண்டாவதை மறைத்துப் பேச முடியாது.

1970களின் கடைசியில் இந்த முறை மாற்றப்பட்டது. 30 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்றாயிற்று. இன்று அது 40, 55, 5 என்ற அளவில் இருக்கிறது. பின்தங்கிய மாவட்டங்கள் 16. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் அவற்றுள் அடங்கும். அம்பாந்தோட்டை, மொனராகலை, பதுளை, அநுராதபுரம் முதலிய சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்களும் அடங்கும். எனவே இது எவருக்கும் தனியாகப் போட்ட பிச்சையல்ல. கலைப் பிரிவுக்குப் பொதுவாகத் தீவு முழுவதற்கும் ஒரே வரிசைதான், மாவட்டக் கணக்கு இல்லை.

இனிக் கணக்கைப் பாருங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 2 கோடியே 3 இலட்சம் பேர் இருந்தனர். முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர். இது நூற்றுக்கு ஒன்றில் பாதிகூட இல்லை. 1,000 இடங்கள் உள்ள ஒரு கற்கைநெறியில் 550 இடங்கள் சனத்தொகைப்படி பிரிக்கப்பட்டால், இந்தக் கணக்கில் முல்லைத்தீவுக்கு இரண்டோ மூன்றோ இடங்கள் வரும். அடுத்த 50 இடங்களைப் பதினாறு மாவட்டங்கள் பங்கிட வேண்டும். இந்த ஒரு சில இடங்களுக்கு மாவட்டம் முழுவதிலுமிருந்து போட்டி. ‘கோட்டாவில் சும்மா கிடைத்தது’ என்று சொல்பவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்ததில்லை.

இசற் புள்ளி 2001இல் வந்தது. அது பிள்ளையின் புள்ளியை, அதே பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியுடனும் ஒப்பிட்டுச் சொல்கிறது. பூச்சியம் என்றால் சராசரி. ஒரு பாடத்தில் ஒன்று எடுத்தவர், வழமையான பரம்பலில், தோற்றிய ஆறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு மேலே நிற்கிறார். கொழும்பிலும் கண்டியிலும் ரியூசன் வகுப்புக்குப் போனவர்களும் அந்த ஆறு பேருக்குள் அடங்குவர். என்னிடம் வந்த பிள்ளையின் இசற் புள்ளி பூச்சியத்துக்கு நன்றாக மேலே இருந்தது. அவள் படித்த இரண்டு வருடங்களில் ஒரு பாடத்துக்குப் பல மாதங்கள் ஆசிரியரே இருக்கவில்லை. ஒரு பஸ் தவறினால் அன்றைய பாடமும் தவறியது. “இவ்வளவுக்குள்ளும் இதை எடுத்த பிள்ளைக்கு ஆசிரியரும் நூலகமும் மின்சாரமும் உள்ள இடத்தில் என்ன முடியாது?” என்று அவளிடமே கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. தந்தைதான் நிமிர்ந்து பார்த்தார்.

படிவம் எப்படி வேலை செய்கிறது

எமது பிள்ளைகள் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. எட்டாததை முதலாவதாக எழுதினால் எட்டக்கூடியதும் கைதவறிப் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அப்படியல்ல. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிள்ளையின் விருப்ப ஒழுங்கில் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வரும். முதலாவதற்குப் புள்ளி காணாவிட்டால் இரண்டாவது, அதற்கும் காணாவிட்டால் மூன்றாவது. பொறியியலை மேலே எழுதியதற்காகக் கீழே எழுதிய பௌதிக விஞ்ஞானத்துக்கான வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. உண்மையாக எதை விரும்புகிறாரோ அதை அந்த ஒழுங்கிலேயே எழுத வேண்டும். விரும்பாத ஒன்றைப் பெயருக்காக மேலே எழுதுவதும் பிழை. பதிவு செய்துவிட்டால் பின்னர் மாறிக்கொள்வது எளிதல்ல.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. விண்ணப்பதாரியின் மாவட்டம் எது என்பது பிறந்த ஊரைக் கொண்டோ தகப்பனின் காணி எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டோ முடிவாவதில்லை. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதே கணக்கு. இடையில் பாடசாலை மாறிய பிள்ளை என்றால் அதிபரிடம் போய்த் திகதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் இப்போது இணையவழியில் போகிறது. கொமியூனிக்கேசன் கடையில் அவசரத்தில் யாரோ தட்டச்சுச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், ஒவ்வொரு வரியையும் பிள்ளை தன் கண்ணால் வாசிக்க வேண்டும். கட்டடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்குத் தனியான உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும்.

செலவு பற்றிய பயம் நியாயமானது. ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மகாபொல புலமைப்பரிசிலும் நிதியுதவியும் இருக்கின்றன. பொறியியலுக்காகப் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோதான் போக வேண்டும் என்றுமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. இவை எமது வீட்டு வாசலில் இருப்பவை என்று சொல்லக்கூடியவை. இருந்தும் கொக்கிளாயிலிருந்து பார்க்கும்போது கிளிநொச்சி கொழும்பைப் போலத் தூரமாகத் தெரிகிறது.

தகவல் ஒன்று நேராக, பெயர் குறித்து வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உண்டு. அங்குள்ள பெரிய பல்கலைக்கழகத்துக்கு வறிய குடும்பத்துப் பிள்ளைகள் நல்ல புள்ளி எடுத்தும் விண்ணப்பிப்பதில்லை. 2015இல் ஆய்வாளர் சிலர் அப்படியான பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டு முகவரிக்கே கடிதம் அனுப்பச் செய்தனர். ‘நீர் விண்ணப்பித்துத் தெரிவானால் நான்கு வருடமும் கட்டணம் இல்லை’ என்பதுதான் கடிதம். அதில் புதிய சலுகை எதுவுமில்லை. அந்த உதவி பெரும்பாலான பிள்ளைகளுக்கு முன்னரே உரியதுதான். கடிதம் கிடைக்காதவர்களில் 26 வீதத்தினர் விண்ணப்பித்தனர், கிடைத்தவர்களில் 68 வீதத்தினர் விண்ணப்பித்தனர். சேர்ந்தவர்களின் வீதம் 12இலிருந்து 27ஆக உயர்ந்தது. ஒரு கடிதத்துக்கு முன்னும் பின்னும் அந்தப் பிள்ளைகளின் மூளை ஒன்றுதான். உம்மைத்தான் கூப்பிடுகிறோம் என்று ஒருவர் சொல்லவேண்டியிருந்தது, அவ்வளவே. எமது கிராமங்களில் அந்தக் கடிதத்தை யார் எழுதுவது? அதிபரா, கிராம அலுவலரா, பங்குத் தந்தையா? நாங்கள் எல்லோரும் பெறுபேறு வந்த அன்று வாழ்த்திவிட்டுப் போய்விடுகிறோம். படிவம் நிரப்பும் வாரத்தில் ஒருவரையும் காணமுடிவதில்லை. இதில் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலாம் வருடம்

பிள்ளைக்குத் தைரியம் சொல்வதற்காகப் பொய் சொல்லக்கூடாது. முதலாம் வருடம் கடினம். பொறியியலும் மருத்துவமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் படித்த பிள்ளைக்கு விரிவுரை முதல் மாதங்களில் அரைவாசிதான் விளங்கும். ஆரம்பத்தில் ஆங்கில வகுப்புகள் வைப்பார்கள், அவை மட்டும் போதா. பகிடிவதையும் சில இடங்களில் இருக்கிறது. ஒரு பாடத்தில் தவறவும் கூடும். வன்னிப் பிள்ளை தவறினால் உடனே தன் நெஞ்சில் எழுதிக்கொள்வது, ‘நான் அப்பவே சொன்னேன், இது எனக்கு உரிய இடமல்ல’ என்பதைத்தான். பெரிய பாடசாலைப் பிள்ளை அதே பாடத்தில் தவறினால், ‘வினாத்தாள் கஷ்டம்’ என்கிறது.

இந்த வேறுபாட்டை ஆராய்ந்த வால்டன், கோஹன் என்ற இருவர் 2011இல் ஒரு முடிவை வெளியிட்டனர். புதிதாக வந்த மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களை வாசிக்கக் கொடுத்தார்கள். ‘முதல் வருடம் எனக்கும் நான் இந்த இடத்துக்கு உரியவனா என்ற சந்தேகம் இருந்தது, பின்னர் போய்விட்டது’ என்பதுதான் அவற்றின் சாரம். ஒரு மணித்தியால வேலை. அடுத்த மூன்று வருடங்களில் கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையிலிருந்த பெறுபேற்று வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. பின்னர் பல பல்கலைக்கழகங்களில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது, பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் சூழல் உண்மையிலேயே இருந்த இடங்களில்தான் இது பலித்தது என்றும் கண்டார்கள். அதையும் சொல்லவேண்டும். கதவுக்குள்ளே ஒருவரும் கைகொடுக்காவிட்டால் வெறும் வார்த்தை உதவாது.

ஆகவே எமது மாவட்டத்திலிருந்து முன்னரே போன பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். விடுமுறைக்கு வரும்போது வீட்டுக்குக் கூப்பிட்டு, எது கஷ்டமாக இருந்தது, எத்தனை மாதத்தில் ஆங்கிலம் விளங்கத் தொடங்கியது, எந்தப் பாடத்தில் தவறினார்கள் என்று கேளுங்கள். தவறியதைக் கேட்பதுதான் முக்கியம். வெற்றியை மட்டும் மேடையில் ஏற்றி மாலை போடும் எமது பழக்கம் அடுத்த பிள்ளைக்குப் பயத்தையே கூட்டுகிறது.

அன்று மாலை தந்தையுடன் காலபோகத்தைப் பற்றிக் கதை வந்தது. அவர் செய்வது மானாவாரி. “மழையைக் கண்ட பிறகோ அண்ணை விதைக்கிறனீங்கள்?” என்று கேட்டேன். “எங்க பாதர், புழுதியிலதான் விதைக்கிறது. பிந்தினா வெள்ளம் கொண்டுபோயிடும்” என்றார். சொல்லிவிட்டு மகளின் ஒற்றையைத் தானே கையில் எடுத்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்த குறியீடுகள் அவருக்கு விளங்கியிராது. வெட்டிய வரிகளைக் காட்டி, “உதைத் திரும்ப எழுதேலாதோ பிள்ளை?” என்று மட்டும் கேட்டார்.

அவள் புதிய ஒற்றையில் பொறியியலை மேலே எழுதினாள். கிளிநொச்சி முதலாவது, பேராதனை இரண்டாவது. எழுதும்போது ஒரு தடவை நிறுத்தி, “கிடைச்சு, பிறகு என்னால ஏலாமப் போனா?” என்று கேட்டாள். “ஏலாமப் போனால் அப்ப வந்து கதைப்பம், எழுதும்” என்றேன். எட்டாம் வகுப்புவரை வேறு மாவட்டத்தில் படித்தவள், எனவே பாடசாலைத் திகதிகளை அதிபரிடம் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. காலை முதல் பஸ்ஸில் போனால்தான் அதிபர் வகுப்புக்குப் போகமுன் பிடிக்கலாம் என்றார் தந்தை. இருவரும் எழும்பினார்கள்.